உறை காலி இல்லை

வெயில் நாளென்றால் நாற்பது நிமிஷம், மழை நாளென்றால் ஒன்றரை மணி நேரம், அதற்குமேல் குண்டு தூங்கமாட்டாள். இன்றைக்கு மழை, தகரக் கூரைமேல் யாரோ மூட்டை மூட்டையாக உளுந்தைக் கொட்டுகிற மாதிரி மழை, ஆகவே மூன்றரை மணிவரை தன் இரண்டு கையும் தனக்குத்தான் என்று ரெஜினா நினைத்துக்கொண்டாள், நினைத்ததுமே எழுந்துபோய், மூச்சு வருகிறதா என்று குழந்தைக் கட்டிலுக்குள் குனிந்து பார்த்தாள். வந்தது. உதடு எதையோ சப்பிக்கொண்டிருந்தது, கனவிலும் பால்தான் போலிருக்கிறது. குண்டு என்பது பெயரில்லை, கோயில் பதிவேட்டில் அன்னா மிரியம் என்று அழகாக எழுதியிருக்கிறது, ஆனால் பிறந்த அன்றைக்கு மாமனார் சவரிராயன் இரண்டு உள்ளங்கையிலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நாலு கிலோ அரிசி மாதிரி கனக்குது, சரியான குண்டு" என்றார், அன்றோடு அன்னா மிரியம் பதிவேட்டிலேயே தங்கிவிட்டாள். பதிமூன்று மாதம் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கண்ணில் படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது, சட்டைப் பொத்தான், மெழுகுத் துண்டு, ஒரு தடவை உயிரோடு ஒரு கட்டெறும்பு. தூக்கினால் முதல் வேலையாக ரெஜினாவின் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்து அதிலிருக்கிற தங்க மணிகளைக் கடிப்பாள், அதனால் ரெஜினா சங்கிலியை முதுகுப்பக்கம் தள்ளி ஊக்கு போட்டு வைத்திருக்கிறாள், பிறகு ஊக்கு குத்திவிடுமோ என்று பயந்து ஊக்கை எடுத்துவிட்டாள். திராட்சையை நாலாக நறுக்குகிறாள். "இந்த வீட்டுல வட்டமா எதுவும் இருக்கக் கூடாதுன்னு ரெஜி சட்டம் போட்டிருக்கா, நிலாவுக்கு நோட்டீஸ் போயிருக்கு" என்று புருஷன் ஜெரோம் சொல்கிறான், சொல்லட்டும், அவன் ஆண்பிள்ளை, தேயிலை ஃபாக்டரியில் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று பழகியவன், ஒரு தொண்டை எவ்வளவு சின்னது என்று அவனுக்குத் தெரியாது.

மேஜைமேல் உறைகள். சாப்பாட்டு மேஜை முழுக்க, நாற்காலிகளின்மேல், பிரம்புக் கூடையில், பட்டாளத்துக்காரர்கள் இடுப்பில் ரிவால்வர் செருகிக்கொள்கிற உறைகள், உள்ளே ரிவால்வர் இல்லாமல். மாமா படைத்தளவாடக் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் பார்த்தவர், பயிற்சி முடிந்தபிறகு ஒரு தடவைகூடச் சுட்டதில்லை, ஆனால் கழித்துக்கட்டிய உறைகளைக் கண்டால் விடமாட்டார், ஏலத்தில், பழைய சாமான் கடையில், இறந்துபோன கர்னல்களின் வீட்டுக் கொட்டகையில். "துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணும்மா, உறைக்கு வேண்டாம். காட்டெருமை வந்தா உறையைத் தூக்கிக் காட்டுவேன், உள்ளே இருக்குதா இல்லையான்னு அது யோசிக்கறதுக்குள்ள நான் வெலிங்டன் தாண்டிடுவேன்." சனிக்கிழமை கோயில் நூற்றாண்டு விழா, பங்கு மண்டபத்தில் முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கண்காட்சி, ஒவ்வொரு உறைக்கும் இங்கிலீஷில் ஒரு அட்டை வேண்டும், அதற்கு ரெஜினாவைவிட்டால் யார், பன்னிரண்டு வருஷம் கான்வென்ட், எழுத்தின் வால் எப்போதும் மேலே பார்க்கவேண்டும், கீழே தொங்கினால் அது சோம்பேறியின் எழுத்து என்று சிஸ்டர் இமெல்டா விரல் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த எழுத்து. மாமாவின் தமிழ் நோட்டைப் பார்த்து இங்கிலீஷில் எழுதுவதுதான் வேலை. ஆனால் நோட்டில் எண்தான் இருக்கிறது, உறைகளின்மேல் மைதா பசை போட்டு ஒட்டிய எண்கள் இந்த ஊர் ஈரத்தில் உரிந்து விழுந்து, விழுந்ததைப் பூச்சி தின்று, எது எந்த எண் என்று ஒவ்வொன்றாக அடையாளம் பிடிக்கவேண்டியிருக்கிறது. முதலில் துணியா தோலா. பிறகு வயிறு. வயிறு இருந்தால் ரிவால்வர், தட்டையாக இருந்தால் பிஸ்டல், ஏனென்றால் ரிவால்வருக்கு நடுவில் உருளை உண்டு, அந்த உருளை வருஷக்கணக்கில் உட்கார்ந்த இடத்தில் தோல் உப்பிப்போய்விடும், உள்ளே இருந்தது போனபிறகும் வயிறு போகாது. இதைப் படித்தபோது ரெஜினா தன் புடவைக் கொசுவத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். போகாது மாமா, போகவே போகாது. வயிற்றுக்குப் பிறகு முத்திரை, மூடியின் உள்பக்கம் பார்க்கவேண்டும், சர்க்கார் சொத்தென்றால் அம்பு அடையாளம், மாமா அதைக் கோழிக்கால் என்றுதான் எழுதுகிறார், கோழிக்கால் 1941, கோழிக்கால் 1943, கல்யாணமாகி வந்த புதிதில் ஏதோ கறிக்கடைக் கணக்கென்று நினைத்தாள். அமெரிக்கக்காரனின் உறையில் ரிவால்வரின் பிடி முன்பக்கம் பார்த்திருக்கும். ரஷ்யக்காரனின் உறைக்கு முன்னால் சட்டைப்பை மாதிரி ஒரு பை தைத்திருக்கும். பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் நல்லது, பழசு. களிம்பே இல்லாமல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படு. எண் 11-க்கு நேரே சிவப்பு மையில், ‘இது போலி, ரெஜினா கண்டுபிடித்தது’ என்று இருந்தது. ஆமாம், அவள்தான், போன வருஷம், வயிற்றில் குண்டு ஏழு மாதமாக இருந்தபோது, கையில் வாங்கிய உடனே, "மாமா, இந்தத் தையல் ரொம்ப ஒழுங்கா இருக்கே, இந்த நூல் பாலியஸ்டர் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டாள், கான்வென்டில் எம்ப்ராய்டரி போட்ட கண், மாமா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த உறையை வெந்நீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு வந்து, "டீ டிகாஷன்ல ஊறப்போட்டுப் பழசாக்கியிருக்கான் படுபாவி, வாசனை நல்லாத்தான் இருக்கு, சர்க்கரைதான் கம்மி" என்றார். அத்தை அப்போது இருந்தாள். அடுப்படியிலிருந்தபடியே சிரித்தாள், அத்தை சிரித்தால் இருமலில்தான் முடியும்.

போன் அடித்தது. அடுப்படி ஜன்னல் பக்கம் போனால்தான் சிக்னல், ரெஜினா ஓடினாள், ஓடும்போதே என்னென்னவோ ஆகிவிட்டது, மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது, கண் ஆபரேஷனுக்குப் போட்ட மயக்கமருந்து ஒத்துக்கொள்ளவில்லை, கோயம்புத்தூரிலிருந்து வருகிற வழியில் மண் சரிந்து, இல்லை, இன்னும் கிளம்பியிருக்கவே மாட்டார்கள். ஜெரோம்தான். "ரெஜி, கண் ஆபரேஷன் முடிஞ்சுது. நல்லா இருக்கார். நர்ஸுங்களையெல்லாம் வரிசையில நிக்கவெச்சு ஜோக் அடிச்சிட்டிருக்கார். இரு, குடுக்கறேன்." பிறகு அந்தக் குரல், "ஏம்மா, குண்டு என்ன பண்றா?" "தூங்கறா மாமா. கண்ணு வலிக்குதா?" "தொட்ட மாதிரியே இல்ல. கடற்கொள்ளைக்காரன் மாதிரி ஒத்தக் கண்ணைக் கட்டிவிட்டிருக்கான், ஒரு கிளிதான் பாக்கி. அட்டை எழுதிட்டியா?" "பதினாறு வரைக்கும் முடிச்சிட்டேன்." "பதினாறா, அதுக்குள்ளயா? இங்க பாரும்மா, பதினேழை மட்டும்" என்றார், அவ்வளவுதான், மழை வாங்கிக்கொண்டுவிட்டது. ஹலோ என்றாள், ஹலோ ஹலோ என்றாள், போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள், மறுபடி அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னாள். பதினேழை மட்டும். பதினேழை மட்டும் பார்த்து எழுது, பதினேழை மட்டும் இரண்டு அட்டையாகப் போடு, பதினேழை மட்டும் முன்வரிசையில் வை, எது வேண்டுமானாலும் இருக்கலாம், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்து நோட்டைப் புரட்டினாள். ‘எண் 17. தோல், பழுப்பு. மூடி உண்டு. கோழிக்கால் 1942. வயிறு உண்டு. கூட ஒரு ரவுண்டுப் பை, அது காலி.’ இதுவரை மற்றதைப் போலத்தான். அதற்குக் கீழே, மை வேறு, சமீபத்திய எழுத்து, கண்ணில் பூ விழுந்தபிறகு எழுதியதென்று கோணலிலிருந்தே தெரிந்தது, ‘உறை காலி இல்லை. குண்டு ஆறும் உள்ளே. இப்போதைக்குக் குண்டு கைக்கு எட்டக் கூடாது.’

அவள் கை அதுபாட்டுக்கு இங்கிலீஷில் எழுதிவிட்டது, அதுதான் பயங்கரம், பன்னிரண்டு வருஷப் பழக்கம், கண் படித்ததும் கை மொழிபெயர்க்கும், உறை காலி இல்லை, ஆறு தோட்டாக்கள் உள்ளே, வால்கள் எல்லாம் மேலே பார்த்தபடி அழகாக அட்டையில் உட்கார்ந்திருந்தன, எழுதிய பிறகுதான் படித்தாள். காலி இல்லாத உறை என்றால் உள்ளே ரிவால்வர் இருக்கிறது. ரிவால்வருக்கு எத்தனை அறை, ஆறு, நோட்டில் பத்து இடத்தில் வருகிறது. ஆறு அறையிலும் ஆறு. இந்த வீட்டில். குண்டு கைக்கு எட்டக் கூடாது என்று அவரே எழுதியிருக்கிறார், அப்படியானால் எட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் வைத்திருக்கிறார், உறைக்கு லைசென்ஸ் வேண்டாம் உறைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சிரித்ததெல்லாம் இதற்குத்தானா, இல்லை, மாமா அப்படிப்பட்டவர் இல்லை, கிடங்கில் ஒரு ஆணி குறைந்தாலும் ராத்திரி தூங்காதவர். ஆனால் அத்தை போனபிறகு மாமா எப்படிப்பட்டவர் என்று யாருக்குத் தெரியும். குண்டு பிறக்கப் பத்து வாரம் இருக்கும்போது அத்தை போனாள், ஒரே இருமல், ஒரே வாரம். அதன்பிறகு சில நாள் மாமா பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார், உறைக்குத் தைலம் போடுகிறேன் என்பார், கதவுக்கு இந்தப்பக்கம் தைல வாசனையும் வராது, சத்தமும் வராது. இன்று காலையில் ஜீப் ஏறும்போது என்ன சொன்னார், "வயசான கட்டைம்மா, போற இடத்துல வெச்சுக்கிட்டாலும் வெச்சுக்குவாங்க" என்றார், அவள் சிரித்தாள், சிரித்திருக்கக் கூடாது. ஒரு வயதானவர் ஆறு தோட்டாவோடு எதற்கு ஒன்றை வைத்துக்கொள்ளவேண்டும். அந்த எண்ணத்தை அவள் முழுக்க எண்ணவில்லை, பாதியிலேயே துணி போட்டு மூடினாள், மூடிய துணிக்கு அடியில் அது வயிறு மாதிரி உப்பித் தெரிந்தது. குண்டுவுக்குக் காலையில் ராகிக்கூழ் ஊட்டுகிற கை அது. ஒவ்வொரு கரண்டிக்கும் "ரிப்போர்ட் பண்ணு, முழுங்கிட்டியா?" என்று கேட்கிற வாய் அது. இல்லை. இப்போதைக்கு என்று எழுதியிருக்கிறாரே, இப்போதைக்கு எட்டக் கூடாது, அப்படியென்றால் பிற்பாடு எட்டலாமா, தோட்டா எந்த வயதில் கைக்கு எட்டலாம், என்ன வார்த்தை இது, இப்போதைக்கு. மணி இரண்டு ஐம்பது. மழை கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது, இளைக்காதே, ஆண்டவரே, இளைக்கவிடாதே, இன்னும் அரை மணி நேரம் பெய்யட்டும்.

தேடுவதென்றால் முதலில் பதினேழு எதுவென்று தெரியவேண்டும். மீதி உறைகள் எட்டு. முதல் பதினாறுக்கும் அடையாளம் பிடித்து அட்டை வைத்தாயிற்று, நோட்டில் மொத்தம் இருபத்துநான்கு, ஆக மீதி எட்டில் ஒன்றுக்குள் அது இருக்கவேண்டும், காலையிலிருந்து அவள் கூடைகூடையாகத் தூக்கிக்கொண்டுவந்து மேஜையில் கொட்டினாளே, கொட்டினாளே, குண்டு ஒன்றை வாரைப் பிடித்து அறை முழுக்க இழுத்துக்கொண்டு போனாளே, நாய்க்குட்டி மாதிரி. ஜெபம் சொல்லலாம் என்று ரெஜினா நிமிர்ந்தாள். சுவரில் உயரத்தில் பலகை போட்டு, திருஇருதய ஆண்டவர் படம், சிவப்புச் சின்ன பல்பு, பக்கத்தில் காணாமல்போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற கோடி அற்புதர் அந்தோனியார், கைக்குழந்தையோடு, அந்தக் குழந்தைக்கும் கட்டைவிரல் உடைந்துதான் இருக்கிறது. ஆண்டவர் படம் இரண்டு மாதமாகவே கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கிறது, ஜெரோமிடம் ஆணி அடிக்கச் சொன்னால், "குனிஞ்சு பார்க்கறார் ரெஜி, இருக்கட்டும்" என்கிறான். குனிந்து பாருங்கள், பார்த்துக்கொண்டே இருங்கள், என்று சொல்லிவிட்டு அடுப்படியிலிருந்து நீளக் கரண்டி ஒன்றை எடுத்துவந்தாள், விரலை விடப் பயமாக இருந்தது, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு உறையின் வாயிலும் மெல்லக் குத்தினாள், தூங்குகிற எதையோ எழுப்பிவிடாத மாதிரி. முதலாவது கேன்வாஸ், பட்டாளப் பச்சை, தோல் இல்லை, தள்ளு. இரண்டாவதும் கேன்வாஸ், நீள வார், தொடையில் தொங்குகிறது, டாங்கிக்காரர்களுடையது, வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன வளையங்கள் வரிசையாக, எண்ணினாள், ஆறு, வளையங்கள் எல்லாம் காலி, ஒன்றில் மட்டும் குண்டுவின் கிரேயான் செருகியிருந்தது. மூன்றாவது தோல், பழுப்பு, மூடி உண்டு, கோழிக்கால் உண்டா, ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள், உண்டு, வருஷம் 1942 மாதிரி இருந்தது, கரண்டி உள்ளே போனது, எதிலோ முட்டியது, மெத்தென்று, கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தாள். செய்தித்தாள் உருண்டை. எல்லா உறைக்குள்ளும் மாமா செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருப்பார், வயிறு வற்றிவிடக் கூடாதென்று, இது தெரிந்ததுதானே. வருஷமும் 1942 இல்லை, 1945, இரண்டின் வால் என்று பார்த்தது தோலின் சுருக்கம். நாலாவதில் பிடி முன்னால் பார்த்தது. ஐந்தாவது தட்டை, பிஸ்டல். ஆறாவதில் முன்பை தைத்திருந்தது, ரஷ்யன். மூடிகளைத் திறந்து திறந்து மூடினாள், தோலும் எண்ணெயும் பழைய வியர்வையும் கலந்த நாற்றம் விரல்களில் ஏறியது, யாருடைய வியர்வையோ, பர்மாவிலோ பாலைவனத்திலோ யாரோ ஒரு பெண்ணின் பிள்ளை இதை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருப்பான், அவளும் எங்கோ ஒரு வீட்டில் இதே மாதிரி எழுந்து எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டு, பார்க்கக் கட்டிலில் பிள்ளைதான் இல்லை. ஏழாவது நல்ல தோல், சிவப்பு நாடா போட்ட அதிகாரியின் உறை, ஆனால் கறுப்பு. பதினேழு இதில் இல்லவே இல்லை. மறுபடி எண்ணினாள். மேஜையில் இருபத்துமூன்று. ஒன்று வேறெங்கோ இருக்கிறது, காலி இல்லாமல்.

வேறெங்கோ என்றால் இந்த வீட்டில் எங்கே, மூன்று அறை, ஒரு கூடம், கட்டிலடி, குண்டு கட்டிலடியில் தவழ்ந்து பத்து நிமிஷம் வெளியே வராமல் இருப்பாளே, ரெஜினா தரையோடு படுத்துப் பார்த்தாள், ஒரு சாக்ஸ், ஒரு உருளைக்கிழங்கு. அலமாரி அடித்தட்டு, காலணிப் பெட்டி, மாவுச் சல்லடை தொங்குகிற இடம், மாமாவின் தலையணைக்கு அடியில், அங்கே கையை நுழைக்கும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது, ஜெபமாலையும் இருமல் மாத்திரையும்தான் இருந்தன, அத்தையின் இருமல் மாத்திரை, தேதி தாண்டியது. பயம் வந்தால் அவள் கை கழுத்துக்குப் போகும், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான், அப்போது மெடல், இப்போது தாலி. மாமாவின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து சங்கிலியை முன்னால் இழுத்து ஜெபமாலை மாதிரி உருட்டினாள், அந்தோனியாரே அந்தோனியாரே, இந்தப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நடுவில் புறா பொறித்த தாலி, அந்தப்பக்கம் நாலு, ஐந்து, ஆறு, திரும்ப மூன்று, இரண்டு, ஒன்று, ரவுண்டுப் பை காலி, உறை காலி இல்லை, ரவுண்டுப் பை, குண்டு ஆறு. ஒரே பதிவில் தோட்டாவுக்கு எதற்கு இரண்டு வார்த்தை. விரல் நின்றது. தோட்டாவை மாமா குண்டு என்று எப்போது சொல்லியிருக்கிறார். ஜெரோம் ஒருநாள் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டானே, இதே மேஜையில், "குண்டுங்கறது சினிமாக்காரன் பேச்சுடா. பட்டாளத்துல ரவுண்டு. என் பேத்தி ஒருத்திதான் இந்த வீட்டுல குண்டு" என்று தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாரே. நோட்டு முழுக்க ரவுண்டு ரவுண்டு என்றுதானே வருகிறது. அப்படியானால் இது யாருடைய வார்த்தை. விரல் மறுபடி நகர்ந்தது, இந்தப்பக்கம் மூன்று, அந்தப்பக்கம் மூன்று, வழவழவென்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாக. கல்யாணத்துக்கு முதல் நாள் அத்தை தரையில் சம்மணம் போட்டு, மஞ்சள் நூலில் கோத்துக்கொண்டே, "எங்க வழக்கம் ரெண்டு பக்கமும் மூணு மூணு குண்டு கோக்கணும், உங்க மெட்ராஸ்ல எப்படி?" என்று கேட்டாள், ரெஜினாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அவள் வீட்டில் அதைத் தாலி மணி என்பார்கள், "குண்டா அத்தை? பட்டாளத்து வீடுன்னா கழுத்துலயும் குண்டா?" என்று கேட்டாள், அத்தையும் சிரித்து, சிரித்து இருமி, ஒரு மணி உருண்டு ஓடிப் பாய்க்கடியில் போய், மாமாதான் படுத்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். மூன்று வருஷம் இந்த வீட்டில் இருந்தும் அந்த வார்த்தை அவளுக்கு ஒட்டவே இல்லை, மனதுக்குள் மணி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பெட்டியில் வைக்கும்முன் நாத்தனார் ரோஸி சங்கிலியைக் கழற்றினாள், சங்கிலியும் புறாத் தாலியும் ரோஸியிடம் இருக்கின்றன. குண்டுகளை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் நினைவே இல்லை.

குண்டு கைக்கு எட்டாத இடம் என்றால் அது கீழே இல்லை. இவ்வளவு நேரம் கட்டிலடியில் தவழ்ந்தவள் குண்டு இல்லை, ரெஜினாதான். கூடத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள், ஆண்டவர் இரண்டு மாதமாகக் குனிந்தே பார்க்கிறார், ஆணியில் ஒரு குறையும் இல்லை, முதுகுக்குப் பின்னால் யாரோ எதையோ வைத்திருக்கிறார்கள். நாற்காலியைப் போட்டு ஏறினாள், மன்னிக்கவேண்டும் ஆண்டவரே என்று படத்தை ஒரு கையால் நிமிர்த்திப் பின்னால் விரலை விட்டாள், தோல் தட்டுப்பட்டது, பழுப்பு, மூடி, பச்சைக் களிம்பு பூத்த குமிழ், திருப்பினால் கோழிக்கால், 1942, சந்தேகமே இல்லாத இரண்டு. வயிறு உண்டு. கரண்டி வேண்டாம் என்றிருந்தது, கையையே விட்டாள். செய்தித்தாள் இல்லை, துணி, வெளியே இழுக்க இழுக்க வந்தது, அத்தையின் ஊதாப்பூப் போட்ட வாயில் புடவையின் ஒரு முழம், கற்பூர வாசனை, மற்றதற்கெல்லாம் தினசரி, இதற்கு மட்டும் இது. முனையில் ஒரு முடிச்சு. பல்லால் அவிழ்த்தாள். ஆறும் உள்ளங்கையில் விழுந்தன, கனம் தெரிந்தது, அவள் கழுத்தில் இருப்பவற்றைவிடச் சின்னவை, தேய்ந்தவை, நாற்பத்தைந்து வருஷம் ஒரு கழுத்தின்மேல் உருண்டவை. பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தானா மாமா. மூடியிருந்த துணியை விலக்கி அந்தப் பாதி எண்ணத்தை அவள் இப்போது முழுக்கப் பார்த்தாள், அதற்குள் ஒன்றுமே இல்லை, ஒரு கிழவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு முழப் புடவையை மடித்து மடித்து, வயிறு வற்றாமல், அவ்வளவுதான்.

மழை நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை, கட்டில் கம்பி கிரீச்சிட்டபோதுதான் தெரிந்தது. திரும்பினாள். அறை வாசல் வழியாகத் தெரிந்தது, குண்டு எழுந்து நின்று, ஒரு கொழுத்த காலைக் கம்பிக்கு மேலே போட்டு, மறுகாலை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு பயமும் இல்லை. ரெஜினாவின் ஒரு கையில் உறை, மறுகையில் ஆறு, நாற்காலியின்மேல். கீழே போட்டால் உருளும், ஆறும் ஆறு மூலைக்குப் போகும், ஆறையும் அந்த வாய் கண்டுபிடிக்கும். யோசிக்கவே இல்லை, உள்ளங்கையை அப்படியே தன் வாயில் கவிழ்த்துக்கொண்டு குதித்தாள். உறை எங்கோ விழுந்தது. இரண்டு காலும் கம்பியைத் தாண்டிய நொடியில் குண்டு அவள் கைக்குள் வந்து விழுந்தாள், நாலு கிலோ அரிசி இப்போது பத்து கிலோ, சூடாக, மூத்திர ஈரத்தோடு, பெரிய காரியம் செய்துவிட்ட கர்வத்தோடு. ரெஜினாவால் திட்டவும் முடியவில்லை, முத்தமிடவும் முடியவில்லை, மூக்கால்தான் மூச்சு விட்டாள், நாக்கின்மேல் ஜில்லென்று, கற்பூரமும் பழந்தோலும் உப்பும், பதிமூன்று மாதமாக எதெல்லாம் ஆகக் கூடாது என்று காவல் காத்தாளோ அது அத்தனையும் இப்போது அவள் தொண்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் போன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்ப் பச்சையை அழுத்தினாள். "அம்மா ரெஜினா, கேக்குதா? கிளம்பிட்டோம். மழை விட்டுதா அங்க?" "ம்." "அப்போ லைன் போயிடுச்சு. பதினேழை மட்டும் எழுதாதேன்னு சொல்ல வந்தேன். அது கண்காட்சிக்கு இல்ல. எடுத்துப் பார்த்துட்டியா?" "ம்." "உங்க அத்தைதான். ஆஸ்பத்திரியில, ஆறையும் கழட்டி, என் கைய இழுத்து அதுல வெச்சு, பொண்ணு பொறந்தா இது அவளுக்குன்னா. பையன் பொறந்தான்னா என்னடின்னேன், பொண்ணுதான்னா. ரோஸிகிட்டகூடச் சொல்லல நான்." "ம்" என்றாள், கண்ணிலிருந்து வழிந்தது கன்னத்துக்கு வர, குண்டு அதைத் தொட்டுத் தன் வாயில் வைத்துப் பார்த்தாள், பிறகு அம்மாவின் உதடுகளைப் பார்த்தாள். "என்னம்மா, ம் ம்-ங்கறே, சாப்பிட்டுட்டு இருக்கியா?" "ம்." "சாப்பிடு, சாப்பிடு, மணி மூணரை ஆச்சு, இப்பதான் சாப்பிடுவியா நீ. ஆறும் பத்திரமா இருக்கான்னு மட்டும் ஒரு தரம் எண்ணிடு." குண்டு தன் சுட்டுவிரலை நீட்டி, அம்மா தனக்குக் கொடுக்காமல் என்ன தின்கிறாள் என்று, அவளுடைய மூடிய உதடுகளின் நடுவில் நெம்பிக்கொண்டிருந்தாள். ரெஜினா பல்லை இறுக்கிக்கொண்டு நாக்கால் தேடினாள். இந்தக் கன்னத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. அந்தக் கன்னத்தில் நாலு, ஐந்து. ஐந்துதான். நாக்கு மேலே போனது, கீழே போனது, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், ஈறோடு ஒட்டிக்கொண்டு, வெளியே வரமாட்டேன் என்று பிடிவாதமாக, ஆறு.

"ம்" என்றாள்.